யாருக்கும் இல்லை என்று சொன்னேன்

மார்ச் 9

அக்காவுக்கு,

மூன்று வாரமாக என் போனை எடுக்காமல் இருக்கிறாய். பரவாயில்லை, எடுக்காதே. எடுத்தாலும் முதல் நிமிடமே நான் கத்திவிடுவேன். அதனால்தான் வீட்டில் கிடந்த கோடு போட்ட தாளைத் தேடி எடுத்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என் மகள் பட்டம் வாங்கிய சந்தோஷத்துக்கு ஓட்டலில் பதினெட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நீ இரண்டாவது கேக் துண்டை எடுத்தாய். நான் எழுந்து வந்து உன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். "போதும்க்கா. உன் சட்டைப் பட்டன் அழுவுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிறகு கை துடைத்த துணியை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாய். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பெரியம்மாவ அப்படிப் பேச உனக்கு எப்படிம்மா வாய் வந்துது?" என்கிறாள்.

எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பள்ளியில் பி.டி. டீச்சர். இருபத்தாறு வருடமாகப் பெண்பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பை விட்டுவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீ விட்டுவிட்டாய் அக்கா. மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். தனியாக இருக்கிறாய், கேட்க ஆளில்லை, கையில் கிடைத்ததைச் சாப்பிடுகிறாய். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

இதோடு ஒரு சாப்பாட்டு சார்ட் வைத்திருக்கிறேன். காலை, பதினொரு மணி, மதியம், மாலை, இரவு, எல்லாம் எழுதியிருக்கிறேன். அப்படியே செய்.

சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்.

உன் தங்கை

மார்ச் 21

வாலுவுக்கு,

சார்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்புக்கூடக் கலையவில்லை, பார்த்துக்கொள்.

பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டை இரண்டு வருடத்துக்கு முன்னால் தைத்தது. அப்போது என் இடுப்பு எண்பத்து நான்கு சென்டிமீட்டர். இப்போது தொண்ணூற்றைந்து. நான் அளப்பதில் தப்புச் செய்யமாட்டேன். முத்திரை ஆய்வாளராக இருபத்தொன்பது வருடமாகக் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறவள் நான். ஐந்து கிராம் முன்பின் இருந்தாலும் முள் ஆடுகிற ஆட்டத்திலேயே சொல்லிவிடுவேன். ஆனால் இதே இரண்டு வருடத்தில் என் மேல் பதினோரு கிலோ எடை எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையும் காலும் மெலிகின்றன. வயிறு மட்டும் வேறு யாருடையதோ மாதிரி முன்னால் போகிறது. சாப்பாடு கூடவில்லை. இதை நீ நம்பமாட்டாய். டாக்டர்களே நம்பவில்லை.

மூன்று பேரிடம் போனேன். முதல் டாக்டர், "சாப்பாட்டைக் குறைங்க" என்றார். "எதை டாக்டர் குறைக்கிறது?" என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான்" என்றார். இரண்டாமவர் நடக்கச் சொன்னார். என் வேலையே நடப்பதுதான் என்றேன். "அது வேற, நான் சொல்ற நடை வேற" என்றார். மூன்றாவது அம்மாள் என் முகத்தையே பார்க்காமல், "மாதவிடாய் நின்னுடுச்சுல்ல, இனி அப்படித்தான்" என்றாள். அது நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடமாக 'இனி' என்றால் அதற்கு ஒரு முடிவே கிடையாதா?

ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஆறு புள்ளி இரண்டு. "இது சர்க்கரை வியாதியா?" என்று கேட்டேன். "இல்ல. ஆனா இல்லன்னும் சொல்லிட முடியாது" என்றார்கள். ஒரு கடைக்காரனின் தராசைப் பார்த்து, 'சரியில்லை, ஆனால் சரியில்லை என்றும் சொல்ல முடியாது' என்று நான் எழுதிக் கொடுத்தால் என் வேலை போய்விடும். வயிற்றை ஸ்கேன் செய்ததில் ஈரலில் கொழுப்பு. கெட்ட கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. எனக்குள் நல்லதும் கெட்டதும் சண்டை போடுவதே இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்த இரண்டாவது கேக் துண்டு எனக்காக எடுத்ததில்லை. உன் மகளுக்கு ஊட்டிவிடலாம் என்று எடுத்தேன்.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

கடைசி வரியை மட்டும் நீ எழுதாமல் விட்டிருக்கலாம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். உனக்கு நின்று பன்னிரண்டு வருடமா? அப்படியென்றால் நாற்பத்தைந்திலேயே நின்றுவிட்டதா? எனக்குச் சொல்லவேயில்லையே. எனக்குப் பதின்மூன்று மாதம்தான் ஆகிறது. உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் நான் கேட்காமலே விட்டிருக்கிறேன்.

போன திங்கள்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எண்ணூறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் முன்னால் நிற்கிறேன். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறியது. யாரோ உள்ளே அடுப்பைப் பற்றவைத்த மாதிரி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "விசிலைக் கொண்டா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. "அது... ஊதறது... ஊதறதக் கொண்டா" என்றேன். முன் வரிசையில் சிரித்தார்கள். நான் பந்து அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் தெரியாது.

முந்தின வாரம் ஒரு பிள்ளை கால் சுளுக்கு என்று வீட்டிலிருந்து சீட்டு கொண்டுவந்தாள். எப்போதும் வாங்கி வைத்துக்கொள்வேன். அன்றைக்கு, "உங்கம்மாவுக்கு இதே வேலையா?" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. உன் தட்டைப் பிடுங்கிய அன்றும் இப்படித்தான் இருந்தது.

இப்போது என் குழப்பம் இதுதான். அன்றைக்குப் பேசியது நானா, இல்லை இந்த ஹார்மோனா? ஹார்மோன் என்று சொன்னால் தப்பித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. நான்தான் என்று சொன்னால் இந்த ஆளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவளுக்குக் கெட்ட கொழுப்பு நூற்று எழுபது. காகிதம் மாறிவிட்டதா என்று இரண்டு தடவை பேரைச் சரிபார்த்தேன். ஒழுங்காக இருந்தால் உடம்பு ஒழுங்காக இருக்கும் என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். உன்னிடமும் சொன்னேன்.

நீ சாப்பிட்டாயா என்று மட்டும் எழுது.

தங்கை

ஏப்ரல் 16

வாலு,

இது இடக்கை எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கும். சிரிக்காதே.

உன் சார்ட்டைத் திருப்பி அனுப்பினேன் அல்லவா, அதற்கு முன்னால் பிரித்து ஒரு நகல் எழுதிக்கொண்டு, அதே மடிப்பில் திரும்ப மடித்து வைத்தேன். நீ எழுதியதிலும் பாதிதான் சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. பெருமையாக இருந்தது. பிறகு ஒரு மளிகைக் கடையில் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கும்போது கண் இருட்டிவிட்டது. விழுந்தபோது வலது மணிக்கட்டை ஊன்றிவிட்டேன். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கே. பட்டினி கிடந்தீங்களா?" என்றார். குறைந்தது கொழுப்பில்லையாம், சதையாம். குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். இப்போது ஏன் குறைத்தாய் என்கிறார்கள்.

நீ வராதே. பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறார்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

வராதே என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது. இத்தனை வருடம் அடக்கிவைத்ததை எழுதிவிடுகிறேன்.

நீ யாரையும் வரவிடமாட்டாய். நீயும் வரமாட்டாய். அம்மா படுக்கையில் கிடந்த அந்த ஏழு மாதமும் நீ எங்கே இருந்தாய்? அலுவலகத்தில் பயிற்சி, வெளியூரில் ஆய்வுக்கூடம், விடுப்புத் தரமாட்டார்கள் என்றாய். நான் ஒரு கையில் பள்ளிக்கூடம் போகிற மகளையும் மறு கையில் அம்மாவையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். "பெரியவ வந்தாளா?" என்று அம்மா தினமும் கேட்டாள். "நாளைக்கு வருவாம்மா" என்று தினமும் பொய் சொன்னேன். கடைசியில் அம்மா போன பிறகு, தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி இரண்டு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாய். "உனக்கு வேலைதான் பெருசு" என்று நான் சொன்னபோது நீ ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சரி, விடு. உன் கை முறிந்திருக்கிறது. அதற்குப் பாதி என் சார்ட்தான் காரணம். அது எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. இங்கே ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். கொழுப்பு ஏறுவது, சூடு, மறதி, அழுகை, எலும்பு மெலிவது, இடுப்பு பெருப்பது எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்ததும் இத்தனையும் ஆடிப்போகிறதாம். "சோம்பேறித்தனம் இல்ல டீச்சர், இது கணக்கே மாறிப்போற மாதிரி" என்றார். அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளலாமாம். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நிறையக் கேள்வி கேட்டார். ரத்தக்கட்டு உண்டா, பக்கவாதம் உண்டா, குடும்பத்தில் அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மார்பில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். மாத்திரை வாங்கிவிட்டேன். சனிக்கிழமையிலிருந்து போட ஆரம்பிக்கப் போகிறேன். எனக்குச் சரியானால் உன்னையும் அவரிடம் கூட்டிப்போகிறேன்.

தங்கை

ஏப்ரல் 27

வாலு,

போனில் நான் உன்னிடம் சொன்னது நான்கே வார்த்தை. "மாத்திரையப் போடாத. லெட்டர் வருது." அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. நீ திருப்பித் திருப்பிக் கூப்பிட்டாய், தெரியும். மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தை இடக்கையால் மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ டாக்டரிடம் சொன்ன பதில் தப்பு. உன் மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது. நான் தெரியவிடவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மா படுக்கையில் விழுந்து மூன்று வாரம் இருக்கும். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கடினம் கையில் தட்டுப்பட்டது. கடலைப்பருப்பு அளவு. ஊசி போட்டுச் சோதித்தார்கள். புற்றுநோய் என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இடது மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவை. இரண்டாவது தடவையிலேயே மாதவிடாய் நின்றது, திரும்ப வரவேயில்லை. தலைமுடி கொட்டியது. அந்தப் பூப்போட்ட துணி அதற்காகத்தான் கட்டினேன். பயிற்சி எதுவும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தேன். அம்மா போன செய்தி வந்த அன்றைக்கு ஐந்தாவது மருந்து ஏறி ஆறு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாளுக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவின் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். உன் தலையில் இன்னொரு நோயாளியை ஏற்றக்கூடாது என்றும் நினைத்தேன். முதலில் அவ்வளவுதான். பிறகு, "உனக்கு வேலைதான் பெருசு" என்று நீ சொன்னாய். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் உன் வாயை அடைப்பதற்காகச் சொன்ன மாதிரி ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டேன். ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. அப்புறம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதத்தான் இரண்டாவது நாள் முழுக்க ஆனது. எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. தலையில் துணி கட்டி வந்திருக்கிறேன், புருவம்கூட இல்லை, நீ உற்றுப் பார்க்கவேயில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தும் இருந்தேன், ஏன் பார்க்கவில்லை என்று கோபமாகவும் இருந்தேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்காதே.

அதன் பிறகு ஐந்து வருடம் தினமும் ஒரு மாத்திரை. உடம்பில் மிச்சமிருக்கிற ஈஸ்ட்ரோஜனும் வேலை செய்யாமல் தடுக்கிற மாத்திரை. உனக்கு இப்போது கொடுக்க நினைக்கிறார்களே, அதைத்தான் என்னிடமிருந்து பிடுங்கினார்கள். அது இருந்தால் நோய் திரும்ப வரலாம் என்றார்கள். அது போனதால் சர்க்கரையும் கொழுப்பும் எலும்பும் இப்படி ஆனதா, வயதா, அந்த மாத்திரையா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அந்த மூன்று டாக்டர்களிடமும் பழைய நோயை நான் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர்கள் கேட்கவில்லை.

உன் டாக்டர் கேட்டிருக்கிறார். போய்ச் சரியான பதிலைச் சொல். கூடப்பிறந்தவளுக்கு, நாற்பத்தைந்து வயதில், இடது பக்கம்.

அக்கா

மே 2

அக்கா,

படித்தேன். மாத்திரை போடவில்லை.

இப்போது எழுத முடியவில்லை.

மே 8

அக்கா,

முதலில் டாக்டர் சொன்னது. உன் கடிதத்தையே நீட்டினேன், வாசித்தார். "நல்லவேளை" என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். "அக்காவுக்கு வந்துச்சுங்கறதுக்காக உங்களுக்கு வரும்னு அர்த்தம் இல்ல. அதுக்காகக் கண்ண மூடிட்டு மாத்திரையும் தர முடியாது" என்றார். எனக்கு மார்பைப் படம் எடுக்கச் சொன்னார். குடும்ப வழியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மரபணுச் சோதனை இருக்கிறதாம். அதை நோய் வந்தவர் ரத்தத்தில்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். அதாவது உன் ரத்தம். இது எனக்கு மட்டுமில்லை, என் மகளுக்கும் தேவை என்றார்.

மகளிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "பெரியம்மாவுக்கு அந்தப் பன்னெண்டு வருஷமும் யாரும்மா இருந்தாங்க?" என்றாள்.

எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என்னிடமிருந்து மறைத்தாயே என்று இல்லை. பன்னிரண்டு வருடம் நான் உன்னைக் கெட்டவளாக வைத்திருந்தேனே, அப்படி வைத்திருக்க நீ விட்டாயே, அதற்கு. "நாளைக்கு வருவா" என்று அம்மாவிடம் சொல்லும்போதெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டுவேன். அந்த நேரத்தில் உனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தத் திட்டு எந்த நாளில் விழுந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

புருவத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டு, புருவத்தைக்கூட எடுத்துவிட்டு ஸ்டைலாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆபரேஷன் அன்று உன்கூட யார் இருந்தார்கள்?

தங்கை

மே 14

வாலு,

புருவம் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஆபரேஷன் அன்று யாரும் இல்லை. பஸ்ஸில் போனேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் உன்னைத்தான் எழுதினேன், போன் நம்பரோடு. நர்ஸ், "இவங்களுக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். "எனக்கு ஏதாவது ஆனா மட்டும் சொல்லுங்க" என்றேன். "ஏதாவதுன்னா எதும்மா?" என்றாள். அவளுக்கு அவ்வளவு சின்ன வயது. பிறகு அவளே புரிந்துகொண்டு, கட்டிலின் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள்.

ரத்தம் கொடுக்க வருகிறேன். இருபதாம் தேதி மதிய பஸ். ஐந்து நாள் இருப்பேன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால் என்னை வைத்து வேலை வாங்கலாம் என்று நினைக்காதே.

அக்கா

ஜூன் 25

அக்கா,

முடிவு வந்துவிட்டது. உன் ரத்தத்தில் அந்த மரபணுக் கோளாறு இல்லை. என் மார்புப் படத்திலும் ஒன்றும் இல்லை. நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "அப்ப பயமில்ல, அப்படித்தானே டாக்டர்?" என்றேன். "அப்படிச் சொல்லமாட்டேன். தெரிஞ்ச கோளாறு இல்லன்னுதான் சொல்ல முடியும். தெரியாதது எத்தனையோ இருக்கு" என்றார். ஹார்மோன் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாமாம். இரண்டிலும் கொஞ்சம் லாபம், கொஞ்சம் ஆபத்து. "என் இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "எனக்கு அக்கா இல்ல டீச்சர்" என்றார்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சூட்டுக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார், பாதி அடங்குகிறது. கொழுப்புக்குத் தனியாக ஒன்று. இது சரியான முடிவா என்று தெரியாது. வாரத்தில் நான்கு நாள் சரி என்று தோன்றுகிறது.

நீ இங்கே இருந்த இரண்டாம் நாள் நாம் சண்டை போட்டோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். ஏழாவதில் நீ, "நான் என்ன உன் ஸ்கூல் பிள்ளையா?" என்று கத்தினாய். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. நீ என்னிடம் கத்தி எத்தனை வருடம் ஆகிறது. எலும்புக்கும் சர்க்கரைக்கும் சதை வேண்டும், சதைக்கு இது வேண்டும். பட்டினி வேண்டாம் என்று டாக்டரும் உன்னிடமே சொன்னார். அதனால் நிறுத்தாதே.

போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில், கட்டு நனையக்கூடாது என்று பையைச் சுற்றிக்கொண்டு நீயே குளிக்கப் போனாய். பத்து நிமிடம் கழித்து, "வாலு, கொஞ்சம் வாயேன்" என்றாய். கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே வரச் சொல்லுகிறாயா, துண்டைக் கேட்கிறாயா என்று புரியவில்லை. துண்டு உள்ளேயே இருந்தது. வந்தேன். நீ திரும்பிக்கொள்ளவில்லை. நான் உன் முதுகைத் தேய்த்தேன், பிறகு முன்பக்கம். அந்த இடம் தட்டையாக, அக்குளிலிருந்து குறுக்கே ஒரு கோடாக இருந்தது. சோப்பு நுரை அதில் நிற்காமல் வழிந்தது. வலிக்குமா என்று கேட்க நினைத்தேன். நீ, "அங்க உணர்ச்சியே இல்ல, பயப்படாமத் தேய்" என்றாய்.

பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

தங்கை

ஜூலை 11

வாலு,

வலது கை திரும்பி வந்துவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை. நாற்காலி பதினான்கு தடவை. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. சர்க்கரை ஆறு புள்ளி இரண்டிலிருந்து ஆறு. நல்லதா என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றார்கள். இந்தத் தடவை பழைய நோயையும் நானே முதலில் சொன்னேன். முகத்தையே பார்க்காத அந்த மூன்றாவது டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒன்று நடந்தது. எங்கள் பதிவேட்டுப் பிரிவில் இருக்கும் கிளார்க் அம்மாளை உனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். காலையிலிருந்து பேசவில்லை. மதியம் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். மார்பில் கட்டி, ஊசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "வீட்ல இன்னும் சொல்லல மேடம். பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்னு பாக்கறேன்" என்றாள்.

"சொல்லிடு" என்றேன். "இன்னைக்கே சொல்லிடு."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும் அந்தக் கஷ்டம்?" என்றாள்.

சொன்னேன். உனக்குக்கூடக் காகிதத்தில்தான் சொன்னேன். டாக்டர்களைத் தவிர, வாயைத் திறந்து ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக எதிர் மேசையில் இருந்தவளை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி.

"எனக்கு டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியல மேடம்" என்றாள்.

பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்து இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மாதவிடாய் நின்றுவிடுமா, எலும்பு என்ன ஆகும், சர்க்கரை வருமா, தங்கையும் மகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா, எப்போது வேலைக்கு வரலாம். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தோம். பத்தொன்பது கேள்வி வந்தது. பதில் தெரிந்தது மூன்றுக்குத்தான்.

அக்கா